மீன் மேல வந்து வாயைப் பிளந்தா மருந்தைத் தேடாதீங்க, முதல்ல தண்ணியைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஆரம்பிச்சுடுச்சு, இனிமே ரெண்டு மூணு மாசத்துக்கு சென்னையில மீன் தொட்டி வச்சிருக்கறவங்க முக்காவாசிப் பேர் ஒரே புகாரோடதான் கடைக்கு ஓடுவாங்க, "மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, என்ன மருந்து போடணும்"னு. கடைக்காரரும் ஒரு சின்ன பாட்டில் நீல மருந்து, பேர் போடாத ஒரு பொட்டலம் மஞ்சள் பவுடர் குடுத்து, கூட ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்கன்னு சொல்லி அனுப்பிடுவார். தொட்டி எத்தனை லிட்டர், எப்ப தண்ணி மாத்தினீங்க, எல்லா மீனும் திணறுதா இல்ல ஒண்ணு மட்டுமான்னு ஒரு கேள்வி கிடையாது. மறுநாள் காலையில மீன் மிதக்கும், வீட்டுல குழந்தை அழும், சாயங்காலம் புது மீன் வாங்கிட்டு வந்து அதே தண்ணியில விடுவாங்க. வண்ண மீன் வியாபாரத்துக்குன்னே தனி மையம் கட்டுற அளவுக்கு பேர் வாங்கின கொளத்தூர் இருக்கற ஊர்லயே இந்த நிலைமைன்னா மத்த ஊர்ல சொல்லவே வேணாம், அதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போனாலும் தயவுசெஞ்சு முழுசா போடுங்க.

நான் வில்லிவாக்கத்துல இருக்கேன், பல வருஷமா மீன் வளக்குறேன், எங்க அபார்ட்மென்ட்ல யார் வீட்டு மீனுக்கு என்ன ஆனாலும் பசங்க என் வீட்டு காலிங் பெல்லைத்தான் அடிப்பாங்க. அப்படி பாத்த வரைக்கும் சொல்றேன், மூச்சுத் திணறல்ங்கறது ஒரு நோயோட பேரே இல்ல, அது ஒரு அறிகுறி, அதுக்குப் பின்னாடி அஞ்சாறு வேற வேற காரணம் இருக்கலாம், ஒண்ணுக்கு செய்யற வைத்தியம் இன்னொண்ணுக்கு எமனா முடியும். வீட்டுத் தொட்டியில வர்ற திணறல் பெரும்பாலும் தண்ணியிலதான் ஆரம்பிக்குது, மீன் உடம்புல இல்ல.

மீன் எவ்வளவு கம்மி ஆக்சிஜனை வச்சு உயிர் வாழுதுன்னு தெரிஞ்சாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். நாம இழுக்கற காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன். தண்ணியில 25 டிகிரி வெப்பத்துல லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் கரையும், 30 டிகிரியில ஏழரை, அதுக்கு மேல சூடு ஏற ஏற இன்னும் குறையும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா பெரும்பாலான மீனுக்கு கஷ்டமில்ல, 3-க்கு கீழ போச்சுன்னா திணற ஆரம்பிச்சிடும். இதுல கொடுமை என்னன்னா தண்ணி சூடாகும்போது மீனோட உடம்பு வேகமா வேலை செய்யும், அதுக்கு ஆக்சிஜன் அதிகமா வேணும், ஆனா தண்ணியில இருக்கறதே கம்மி. அதான் மே மாசத்துல கோல்ட் ஃபிஷ் முதல்ல போகுது, அது குளிர்ந்த தண்ணியில பழகின இனம், நம்ம கத்திரி வெயிலுக்குப் பொறந்தது இல்ல.

மேல வந்து காத்துக் குடிக்கற எல்லா மீனும் திணறுதுன்னு நினைச்சிடக் கூடாது, இதை முதல்லயே சொல்லிடறேன். ஃபைட்டர், கௌராமின்னு விக்கற ரெண்டு வகை மீனுக்கும் செவுளுக்கு மேல ஒரு தனி உறுப்பு இருக்கு, மேல வந்து ஒரு வாய் காத்து எடுத்துட்டு கீழ போறது அதோட இயற்கை. நம்ம ஊர் பனையேறிக் கெண்டை தண்ணியை விட்டு வெளிய வந்தும் ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்குதே, அதுவும் இதே வகைதான், விராலும் காத்து எடுக்கற மீன்தான். தொட்டியில அடியில மேயற கோரிடோராஸ் திடீர்னு விருட்டுனு மேல போய்ட்டு கீழ வரும், அது குடல்லயே காத்தை வாங்கிக்கும். இதெல்லாம் ஒரு தடவை வந்துட்டு போயிடும். திணறற மீன் போகாது, மேலயே நிக்கும், வாய் தண்ணி மட்டத்துலயே இருக்கும், செவுள் மூடி படபடன்னு அடிக்கும், இல்லன்னா ஃபில்டர் தண்ணி விழற இடத்துல போய் முகத்தை வச்சுக்கிட்டு நகராது. ஃபைட்டரோ கோரிடோராஸோ கூட அடிக்கடி மேல போக ஆரம்பிச்சா அதுவும் ஒரு எச்சரிக்கைதான், வழக்கத்தை விட அதிகமாங்கறதுதான் கேள்வி. அதனால மீன் நல்லா இருக்கும்போதே ஃபோன்ல ஸ்லோ மோஷன்ல ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, செவுள் நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணி ஒரு சீட்டுல எழுதி தொட்டிக்குப் பக்கத்துல ஒட்டிடுங்க. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வேகம், சின்ன மீன் வேகமா அடிக்கும், பெரிய ஆஸ்கார் நிதானமா அடிக்கும், உங்க வீட்டு மீனோட கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சாதான் கூடியிருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்.

சரி, நிஜமாவே திணறுதுன்னு தெரிஞ்சுடுச்சு, அடுத்து என்ன. கையை கட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் தொட்டி முன்னாடி உக்காருங்க. எல்லா மீனும் ஒண்ணா திணறுதா, ஒண்ணு ரெண்டு மட்டுமா? எல்லாம் ஒரே நேரத்துல ஆரம்பிச்சிருந்தா அது தண்ணிதான், நோய் அப்படி ஒரே ராத்திரியில எல்லாரையும் பிடிக்காது. எப்ப திணறுது? விடியக்காலையில மேல நின்னுட்டு பத்து மணிக்கு மேல தானா சரியாகுதுன்னா அது ஆக்சிஜன் பத்தாக்குறை. தொட்டியில செடி நிறைய வச்சிருக்கறவங்களுக்கு இது புரியாது, செடிதான் ஆக்சிஜன் குடுக்குதேம்பாங்க, வெளிச்சம் இருக்கற வரைக்கும்தான் குடுக்கும், ராத்திரி பூரா அதுவும் மீன் மாதிரியே ஆக்சிஜனை இழுத்துக்கிட்டு இருக்கும், விடியறதுக்கு முன்னாடி நேரம்தான் தொட்டியிலயே ஆக்சிஜன் ரொம்பக் கம்மியான நேரம். செடிக்குன்னு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வச்சிருக்கறவங்க அதை ராத்திரி மூடாம விட்டா இன்னும் மோசம். ராத்திரி சத்தமா இருக்குன்னு ஏர் பம்பை நிறுத்திட்டு படுக்கற வீட்டுல இதைத்தான் நான் அதிகமா பாக்கறேன்.

இதை உறுதி பண்ண ஒரு சுலபமான வழி இருக்கு. ஏர் ஸ்டோனை, அதான் ஏர் பம்ப் டியூப் நுனியில மாட்டற குமிழிக் கல்லை போடுங்க, ஃபில்டரோட வாயை மேல தூக்கி தண்ணி மட்டம் நல்லா கலங்கற மாதிரி வைங்க, ஏன்னா ஆக்சிஜன் குமிழியிலருந்து போறதை விட மேல் மட்டம் கலங்கறதுலதான் அதிகமா உள்ள போகும். அரை மணி நேரத்துல, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துல மீன் கீழ இறங்கி சகஜமா நீந்த ஆரம்பிச்சிடுச்சுன்னா உங்க பிரச்னை ஆக்சிஜன்தான், மருந்து எதுவும் வேணாம், மீன் எண்ணிக்கையைக் குறைங்க, சாப்பாட்டைக் குறைங்க, பம்பை ராத்திரியும் ஓட விடுங்க. கண்ணாடி பவுல்ல வளக்கறவங்க கழுத்து வரைக்கும் தண்ணி ரொப்பறாங்க, அது தப்பு, பவுல் எங்க ரொம்ப அகலமா இருக்கோ அந்த மட்டத்தோட நிறுத்தணும், அப்பதான் காத்து படற பரப்பு அதிகமா கிடைக்கும். (பவுலே வேணாம்னுதான் நான் சொல்வேன், ஆனா ஏற்கெனவே வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க.) ஆனா நல்லா குமிழி விட்டும், தண்ணி கலங்கியும் மீன் அங்கயே நின்னு வாயைப் பிளக்குதுன்னா, தண்ணியில ஆக்சிஜன் இருக்கு, மீனால அதை எடுத்துக்க முடியல, அதுதான் அர்த்தம். இங்கதான் நிறைய பேர் வழி தவறிப் போறாங்க.

எங்க கீழ் வீட்டுல போன வருஷம் புதுசா ரெண்டடி தொட்டி வாங்கினாங்க, ஒரே நாள்ல தொட்டி, கல்லு, மோட்டார், ஏழெட்டு கோல்ட் ஃபிஷ் எல்லாம் வந்து இறங்குச்சு. முதல் வாரம் நல்லா இருந்துச்சு, அப்புறம் ஒண்ணு ஒண்ணா மேல நிக்க ஆரம்பிச்சுது, ஏர் பம்ப் கொதிக்கற மாதிரி ஓடுது, தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, உடம்புல ஒரு புள்ளி கூட இல்ல. அந்தப் பையன் கூப்பிட்டான்னு போய், ஒரு மீனை ஈரக் கையால மெதுவா பிடிச்சு தண்ணிக்கு மேல ஒரு நொடி தூக்கி, ஃபோன் டார்ச் வெளிச்சத்துல செவுள் மூடியை நகத்தால லேசா தூக்கிப் பாத்தேன். நல்ல செவுள்னா புதுசா வெட்டின மாதுளை கலர்ல செக்கச்செவேல்னு இருக்கணும், இதுல ஒரு மங்கின பழுப்பு, சாக்லேட் நிறம். அதுக்கப்புறம் டெஸ்ட் கிட் போட வேண்டிய அவசியமே இல்ல, இருந்தாலும் போட்டோம், நைட்ரைட் சோதனைக் குழாய் ஊதா நிறத்துக்குப் போயிடுச்சு.

நடந்தது என்னன்னா, மீன் கழிவும் மிச்ச சாப்பாடும் அமோனியாவா மாறும், அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், நைட்ரைட்டை இன்னொரு வகை பாக்டீரியா அவ்வளவா ஆபத்தில்லாத நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சுலயும் கல்லுலயும் குடியேறி வேலைக்கு வர நாலுலருந்து ஆறு வாரம் ஆகும், புதுத் தொட்டியில அது இருக்காது. முதல்ல அமோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் செவுள் வழியா ரத்தத்துக்குள்ள போய், ஆக்சிஜனை சுமக்கற ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினா மாத்திடும், அதால ஆக்சிஜனை சுமக்க முடியாது, அதான் ரத்தம் பழுப்பாகுது. தண்ணி பூரா ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு முட்டி சாகும், பாக்கறவங்களுக்கு பாவமா இருக்கும், எவ்வளவு குமிழி விட்டாலும் பத்தாது. இதுக்கு மருந்து சாதாரண உப்புதான், ஆனா ஏன்னு தெரிஞ்சு போடணும், செவுள் குளோரைடை உள்ள இழுக்கற அதே வழியிலதான் நைட்ரைட்டும் நுழையுது, குளோரைடு அதிகமா இருந்தா நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பை தனியா கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, பாதித் தண்ணி மாத்தி, சாப்பாட்டை நிறுத்தினோம். தண்ணி சரியானா ரத்தம் ஒரு நாள் ரெண்டு நாள்ல தானா பழையபடி திரும்பிடும், அந்த வீட்டுலயும் ஒண்ணைத் தவிர எல்லாம் பொழைச்சுடுச்சு. இதே உப்பை ஆக்சிஜன் பத்தாக்குறைக்குப் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல, கோரிடோராஸ், லோச் மாதிரி உப்பு தாங்காத மீன் இருந்தா தொந்தரவு வேற.

அமோனியாவுக்கு நம்ம சென்னை போர் தண்ணியில ஒரு தனி ஆபத்து இருக்கு. அமோனியா தண்ணியில ரெண்டு வடிவத்துல இருக்கும், ஒண்ணு அவ்வளவா தொந்தரவு பண்ணாது, இன்னொண்ணு செவுளையே எரிச்சுடும். பிஹெச், அதாவது தண்ணியோட அமில காரத் தன்மையைக் காட்டற எண், 7-லருந்து 8-க்கு ஏறினா அந்த விஷ வடிவத்தோட பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிடும், தண்ணி சூடானா இன்னும் கூடும். நம்ம பக்கம் நிறைய இடத்துல போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணி, பிஹெச் 8-ஐ ஒட்டி நிக்கறது சகஜம், அதோட மே மாச சூடும் சேர்ந்தா கொஞ்சம் அமோனியாவே போதும். அமோனியா பாதிச்ச மீன் எப்பவும் மேல வரணும்னு இல்ல, சில சமயம் அடியிலயே துடுப்பை ஒடுக்கிக்கிட்டு படபடன்னு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும், செவுள் ரத்தச் சிவப்பா வீங்கி இருக்கும். பழைய தொட்டியில திடீர்னு அமோனியா வந்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ஃபில்டர் பஞ்சை எதுல கழுவினீங்க? குழாயடியில வச்சு வெள்ளை வெளேர்னு ஆகற வரைக்கும் பிழிஞ்சு பிழிஞ்சு கழுவறாங்க, குளோரின் தண்ணியில அத்தனை பாக்டீரியாவும் போயிடுது, அன்னைக்கே அது புதுத் தொட்டி ஆயிடுது. தொட்டியிலருந்து ஒரு பக்கெட் தண்ணி எடுத்து அதுலயே ரெண்டு முறை அலசினா போதும்.

பல மாசமா தண்ணியே மாத்தாத தொட்டி இருக்கு, மேல குறையறதை மட்டும் ரொப்பிக்கிட்டு இருப்பாங்க, அங்க பிஹெச் இறங்கி போயிருக்கும், அமோனியா தொந்தரவு பண்ணாத வடிவத்துல சேந்து கிடக்கும். திடீர்னு ஆர்வம் வந்து பாதிக்கு மேல போர் தண்ணியை மாத்தினா பிஹெச் ஏறி அத்தனையும் விஷமா மாறிடும். அப்படிப்பட்ட தொட்டியில தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்.

தண்ணி மாத்தின அன்னைக்கே, சில சமயம் மாத்தி கொஞ்ச நேரத்துலயே திணறல் ஆரம்பிச்சா சந்தேகமே வேணாம், புதுசா ஊத்தின தண்ணிதான். குடிதண்ணி தரத்துக்கான ஐஎஸ் 10500 விதிப்படி குழாய்ல வர்ற தண்ணியில லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும், நமக்கு அது பாதுகாப்பு, ஆனா மீனோட செவுள் தோல் ரொம்ப மெலிசு, அதுக்கு அந்த அளவே ஆகாது, மேல போச்சுன்னா வெந்துடும். லாரி தண்ணி வந்ததும் சம்ப்புல ப்ளீச்சிங் பவுடர் கொட்டறாங்களே சில அபார்ட்மென்ட்ல, அன்னைக்கு தண்ணி மாத்தினீங்கன்னா கேக்கவே வேணாம். குளோரின் பட்ட மீன் மேல நிக்கறதுக்கு முன்னாடி பித்துப் பிடிச்ச மாதிரி ஓடும், கண்ணாடியில முட்டும், அப்புறம்தான் திணறும். கடையில ஆன்டி குளோரின்னு விக்கறது சோடியம் தயோசல்ஃபேட்தான், ஃபோட்டோ ஸ்டூடியோக்காரங்க ஹைப்போன்னு சொல்வாங்களே அது, பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தொட்டியில போட்டா குளோரின் உடனே அடங்கிடும், ஏற்கெனவே வெந்த செவுள் ஆற நாளாகும். போர் தண்ணியில குளோரின் இல்லைன்னு தைரியமா நேரா ஹோஸை விடறவங்களும் இருக்காங்க, ஆழத்துலருந்து அப்ப மேல வர்ற தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்கலாம், கார்பன் டை ஆக்சைடு அதிகமா இருக்கலாம், சில இடத்துல அழுகின முட்டை வாடை வருமே அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுவும் மூச்சை அடைக்கும். எந்தத் தண்ணியா இருந்தாலும் பக்கெட்லயோ டிரம்லயோ பிடிச்சு, ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு ராத்திரி ஓட விட்டு மறுநாள் ஊத்தினா இந்தப் பிரச்னைகள்ல பெரும்பாலானது வரவே வராது.

யாரும் யோசிக்காத ஒரு காரணம் சொல்றேன். கொசு விரட்டி லிக்விட், கொசுவத்தி, கரப்பான் பூச்சி ஸ்ப்ரே இதுல எல்லாம் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கும், மனுஷனுக்கும் கோழிக்கும் பெருசா ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு ரொம்ப ரொம்ப விஷம். ஏர் பம்ப் அந்த ரூம் காத்தைத்தான் இழுத்து தண்ணிக்குள்ள அனுப்புது. பெட்ரூம்ல மீன் தொட்டிக்குப் பக்கத்து ப்ளக்லயே கொசு விரட்டியை சொருகி வச்சிட்டு, கதவு ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கிட்டு படுத்தா என்ன ஆகும்? காலையில மீன் பக்கவாட்டுல சாஞ்சு துடிச்சுக்கிட்டு திணறும். வீட்டுல பெயின்ட் அடிச்சாங்களா, பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தாங்களா, தெருவுல கொசு புகை அடிச்சாங்களான்னு கேட்டுப் பாருங்க. பூச்சி மருந்து அடிக்கற அன்னைக்கு தொட்டியை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, பம்பை வேற ரூம்ல வச்சு நீளமான டியூப்ல காத்து குடுங்க.

இப்ப ஒண்ணு ரெண்டு மீன் மட்டும் திணறற கதைக்கு வரேன். புது மீன் விட்டு ஒரு வாரம் பத்து நாள்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணுன்னு வரிசையா ஆரம்பிச்சா அது ஒட்டுண்ணியா இருக்க வாய்ப்பு அதிகம். செவுள் புழு கண்ணுக்குத் தெரியாது, ஆனா மீன் காட்டிக் குடுத்துடும், ஒரு பக்க செவுளை மட்டும் இறுக்க மூடிக்கிட்டு இன்னொரு பக்கத்துல மூச்சு விடும், கல்லுல உடம்பை உரசிட்டு விருட்டுனு போகும், கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறக்கும். அதுக்கு பிராசிகுவான்டல்னு ஒரு மருந்து, செவுள் புழு முட்டை போடற வகைங்கறதால ஒரு தடவையோட விடக் கூடாது, முட்டை பொரிஞ்சதும் மறுபடி போடணும். வெள்ளைப் புள்ளி நோய் சில சமயம் உடம்புல வராம செவுள்ல மட்டும் வரும், அப்ப புள்ளியே தெரியாம மீன் திணறும், அதனால புள்ளி இல்லைங்கறதை வச்சு மட்டும் நோய் இல்லைன்னு முடிவு பண்ண முடியாது. வெல்வெட் நோயை இருட்டுல டார்ச் சாய்ச்சு அடிச்சா தங்கத் தூள் தூவின மாதிரி தெரியும். செவுள் வெளிறிப் போய், வெள்ளை வெள்ளையா அரிச்ச மாதிரி இருந்தா பாக்டீரியாவா இருக்கலாம். இதெல்லாம் சந்தேகம்தான், உறுதியா சொல்லணும்னா செவுள்ல ஒரு துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாக்கணும், வீட்டுல முடியற வேலை இல்ல. ஆனா இந்தக் கட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி தண்ணியை சோதிச்சிருக்கணும், அதுல குத்தம் இல்லைன்னு தெரிஞ்ச அப்புறம்தான் நோயைத் தேடணும்.

மருந்து விஷயத்துல எனக்கு கோபமே வருது. கடையில குடுக்கற அந்த நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூதான், அதை தொட்டியில ஊத்தினா பஞ்சுல இருக்கற நல்ல பாக்டீரியாவும் போகும், ரெண்டு நாள்ல அமோனியா ஏறும், மறுபடி திணறும், உடனே இன்னும் ரெண்டு மூடி ஊத்துவாங்க. நைட்ரைட் பாதிச்ச மீனுக்கு அதே மெத்திலீன் ப்ளூ நல்ல மருந்துதான், தனி பக்கெட்ல வச்சு குடுத்தா. மனுஷங்க சாப்பிடற டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரிச்சு தொட்டியில கொட்டச் சொல்ற கடையும் இருக்கு, கடினத் தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடிச்சுக்கும், மீனுக்குப் போய் சேர்றது கொஞ்சம்தான், மிச்சம் சாக்கடைக்குப் போய் மருந்துக்கு அடங்காத கிருமியை வளக்கும். ஒட்டுண்ணிக்குன்னு ஊத்தற ஃபார்மலின் தண்ணியில இருக்கற ஆக்சிஜனையே குறைச்சுடும், ஏற்கெனவே மூச்சு முட்டற மீனுக்கு அதை ஊத்தினா மீதி உசிரும் போயிடும். வெள்ளைப் புள்ளிக்கு ஹீட்டர் போட்டு சூடு ஏத்தச் சொல்றாங்க, அது மேலைநாட்டுக் குளிருக்கு சொன்னது, சென்னை மே மாசத்துல தொட்டி ஏற்கெனவே 32 டிகிரியில இருக்கும்போது இன்னும் ஏத்தினா ஆக்சிஜனுக்கு எங்க போறது?

கரண்ட் போறப்ப என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நாள்கணக்குல கரண்ட் இல்லாம எங்க பக்கம் எத்தனையோ தொட்டி காலியாச்சு. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க, அது இல்லைன்னா ஒரு மக்குல தண்ணியை மொண்டு ஒரு அடி உயரத்துலருந்து திரும்ப தொட்டியிலயே ஊத்திக்கிட்டு இருங்க, அஞ்சு நிமிஷம் ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊத்துங்க. சாப்பாடு போடவே போடாதீங்க, மீன் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது, சாப்பிட்டா ஆக்சிஜன் அதிகமா செலவாகும், கழிவும் சேரும். மூடின டப்பா மாதிரி இருக்கற கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்னு போயிருந்தா உள்ள இருக்கற தண்ணி கெட்டுப் போயிருக்கும், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விட்டா அத்தனையும் தொட்டிக்குள்ள வந்து விழும், திறந்து பழைய தண்ணியைக் கொட்டி அலசிட்டுதான் ஓட விடணும். தண்ணி ரொம்ப சூடா இருந்தா ஐஸ் கட்டியை நேரா போடாதீங்க, பாட்டில்ல தண்ணி உறைய வச்சு மூடியோட மிதக்க விடுங்க, மெதுவா குறையணும்.

உங்க பத்திரிகை வழியா மூணு பேர்கிட்ட கேக்கறேன்.

கடைக்காரங்ககிட்ட: உங்க பொழைப்பு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, உங்ககிட்டருந்துதான் நானும் மீன் வாங்கறேன். மருந்து கேட்டு வர்றவங்ககிட்ட ஒரு சின்ன பாட்டில்ல தொட்டித் தண்ணி கொண்டு வாங்கன்னு சொல்லுங்க, அமோனியா, நைட்ரைட், பிஹெச் மூணையும் கவுண்டர்லயே சோதிச்சு சொல்லுங்க, அதுக்கு காசு வேணும்னா வாங்கிக்கோங்க, குடுப்போம். பொட்டலத்துல மருந்து பேர், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு, எப்ப தயாரிச்சது இது மூணையும் எழுதிக் குடுங்க. புதுத் தொட்டி வாங்கறவங்களுக்கு அன்னைக்கே ஏழெட்டு மீனை விக்காதீங்க, ரெண்டு மீனோட ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு மிச்சத்தை வாங்கச் சொல்லுங்க, மீன் உயிரோட இருந்தா அந்த வாடிக்கையாளர் வருஷக்கணக்குல உங்ககிட்ட வருவார், செத்துப் போனா தொட்டியை மொட்டை மாடியில கவுத்து வச்சிட்டு வரவே மாட்டார்.

அரசுகிட்ட: நாகப்பட்டினத்துல 2012-ல ஆரம்பிச்ச மீன்வளப் பல்கலைக்கழகம் நமக்கு இருக்கு, அதுக்கு மாதவரத்துல வளாகம் இருக்கு, வேப்பேரியில கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லருந்து இருக்கு. நாய், பூனை, கிளி, ஆமை எல்லாத்துக்கும் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறோம். வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம், வீட்டு மீன் தொட்டித் தண்ணியை சோதிச்சு, செவுளை மைக்ரோஸ்கோப்ல பாத்து சொல்ற மாதிரி ஒரு ஏற்பாடு மாதவரத்துலயோ வேப்பேரியிலயோ பண்ணி, அந்தக் கிழமையையும் நேரத்தையும் பொதுமக்களுக்குத் தெரியற மாதிரி அறிவிச்சா வடசென்னையில மீன் வளக்கற, விக்கற, குஞ்சு பொரிக்கற அத்தனை குடும்பத்துக்கும் உபயோகமா இருக்கும். மீன்வளம் படிக்கற மாணவங்களுக்கும் கையில பழக நிஜமான கேஸ் கிடைக்கும்.

ஆசிரியர் உங்ககிட்ட: நாய்க்குட்டி வளர்ப்பு, மாடித்தோட்டம்னு வாரா வாரம் போடறீங்க, நல்லா இருக்கு, படிக்கறேன். மீன் தொட்டிக்கும் மாசத்துக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்க. ஏப்ரல்ல சூடும் ஆக்சிஜனும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி கரண்ட் போறப்ப செய்ய வேண்டியது, இப்படி அந்தந்த மாசத்துக்கு ஏத்த மாதிரி மீன்வளம் படிச்சவங்க யாரையாவது எழுத வைங்க. முதல் மாசம் எதைப் பத்தி எழுதறதுன்னு கேட்டா புதுத் தொட்டியும் நைட்ரைட்டும்னு சொல்வேன், ஸ்கூல் லீவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அது வந்துடணும், பசங்க தொட்டி கேட்டு அடம் பிடிக்கறது அந்த லீவுலதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.